டர்பன் கொல்லைக்கு ருசியான தக்காளி: எந்த ரகம், எந்த மாதம்?

தக்காளி விதை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ரகம் ருசியா இருக்கும், டீச்சர்?" நான் தென் ஆப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் அம்மாக்களுக்கு என் கொல்லையில் தக்காளி நிற்பது தெரியும். அவர்களிடம் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட மாட்டேன். இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். அதை வைத்து என்ன சமைக்கப் போகிறீர்கள்? எந்த மாதம் விதைக்கப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ரகத்தின் பெயர் தானாக வந்து நிற்கும். பெயரை முதலில் பிடித்துக்கொண்டு கிளம்பினால் அலைச்சல்தான். உலகமே மெச்சும் ரகமாக இருந்தாலும், டர்பன் டிசம்பர் மழையில் பூவை உதிர்த்துவிட்டு வெறும் இலையோடு நிற்கும். தப்பிப் பிடித்த ஒன்றிரண்டு காயும் தண்ணீர்ச் சுவைதான் தரும்.

ருசி எங்கே இருக்கிறது

தக்காளியின் ருசி மூன்று சேர்ந்தது: இனிப்பு, புளிப்பு, வாசனை. இனிப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும். 'இது தக்காளி' என்று நமக்குச் சொல்வது வாசனை. இனிப்பு இருந்து புளிப்பு குறைந்தால் சப்பென்று இருக்கும். புளிப்பு மட்டும் இருந்தால் ரசத்துக்கு ஆகும், பச்சையாகத் தின்ன ஆகாது. இரண்டும் தூக்கலாக இருந்து வாசனையும் சேர்ந்தால் அந்தப் பழத்துக்கு உப்புக்கூட வேண்டாம்.

ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிச்சுவர் கெட்டியாக இருக்கும். உள்ளே அறை அறையாக விதையைச் சுற்றி வழுவழுப்பான கூழ் இருக்கும். புளிப்பில் பெரும்பங்கு அந்தக் கூழில் இருக்கிறது. குழம்புக்கு ஆழம் கொடுக்கும் அந்த இறைச்சி போன்ற சுவையும் சதையைவிடக் கூழில்தான் அதிகம். ஆகவே விதையையும் கூழையும் எடுத்து வீசிவிட்டுச் சமைக்கச் சொல்லும் குறிப்புகளை நான் பின்பற்றுவதில்லை. கூழ் நிறைந்த ரகம் ரசத்துக்கும் சாம்பாருக்கும். சதை நிறைந்த ரகம் சட்னிக்கும் தொக்குக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கடைத் தக்காளி ஏன் சப்பென்று இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விதை வாங்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. முதல் காரணம், காயின் தோளில் இருக்கும் பச்சை. பழைய ரகங்களில் காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு வளையம் தெரியும். பார்வைக்கு ஒரே சீராகப் பழுக்க வேண்டும் என்பதற்காக, அந்த வளையம் இல்லாத, காய் முழுக்க வெளிர்பச்சையாக இருக்கும் செடிகளையே பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். காயிலேயே பச்சையம் சேர்த்துச் சர்க்கரை உண்டாக்க உதவும் ஒரு மரபணு அப்படித் தேர்ந்தெடுத்த செடிகளில் செயலிழந்து கிடக்கிறது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பெரியகுளத்து பி.கே.எம். 1 நினைவிருக்கும். சற்றுத் தட்டையாக, தோளில் பச்சையோடு, நல்ல புளிப்பாக இருக்குமே, அது. விதைப் பொட்டலத்தில் 'பச்சைத் தோள்' என்று போட்டிருந்தால் அதை நான் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது, நீண்ட நாள் கெடாமல் இருக்கும் கலப்பின ரகங்கள். பழுப்பதை மெதுவாக்கும் மரபணு ஒன்றை அவற்றில் சேர்த்திருப்பார்கள். லாரியில் போகும் தக்காளிக்கு அது தேவை. ஆனால் பழுப்பது மந்தமானால் வாசனையும் மந்தமாகிறது. கொல்லையிலிருந்து அடுப்புக்குப் பத்தடி தூரம் போகிற தக்காளிக்கு இது எதற்கு? பொட்டலத்தில் 'லாங் லைஃப்' என்றிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, அளவு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து ஹாரி கிளீயும் அவரோடு சேர்ந்தவர்களும் 398 ரகங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். புது வணிக ரகங்களில் வாசனைப் பொருள்கள் பல குறைந்துபோயிருக்கின்றன, பழம் பெருக்கப் பெருக்கச் சர்க்கரை குறைகிறது என்பது அதில் தெரிந்தது. செர்ரித் தக்காளி ஏன் எப்போதும் இனிக்கிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது.

முதல் கேள்வி: அடுப்பில் என்ன?

டர்பன் வீடுகளில் தக்காளி என்றால் முதலில் சட்னிதான். வெளியூரிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே தக்காளி சட்னி என்பது அரைப்பது கிடையாது. கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு வதக்கி, தக்காளியைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை சுண்ட வைப்பது. ரொட்டிக்கு அதுதான் துணை. முட்டையை உடைத்து ஊற்றுவார்கள், டின் மீன் சேர்ப்பார்கள்.

இந்தச் சட்னிக்கு இங்கே எல்லோரும் தேடுவது ஜாம் தக்காளி. சிறிய முட்டை வடிவத்தில், கெட்டித் தோலோடு, பெட்டியில் அடுக்கி விற்பார்களே, அதுதான். என் மாமியார் உருண்டைத் தக்காளியைச் சட்னிக்குத் தொடவே மாட்டார். "தண்ணித் தக்காளி போட்டா அடுப்புதான் எரியும்மா, சட்னி ஆகாது" என்பார். அவர் சொன்னது முழுக்க உண்மை. தண்ணீர் வற்ற வேண்டுமென்று கால் மணி நேரம் கூடுதலாகக் கொதிக்கவிட்டால், இருக்கிற கொஞ்ச வாசனையும் ஆவியோடு போய்விடும். சதைப்பற்றுள்ள ரகம் சீக்கிரம் சுண்டும். பழத்தின் மணம் சட்னியிலேயே தங்கும்.

ரசத்துக்கு நேர்மாறு. கையால் பிசைந்தால் சாறு வழிய வேண்டும், புளிப்பு தூக்கலாக இருக்க வேண்டும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயத்தோடு நறுக்கும் சம்பலுக்கு, வெட்டினால் சாறு ஒழுகாமல் நிற்கிற, பச்சையாகத் தின்ன ருசியான பழம் வேண்டும். பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்னச் செர்ரி.

ஒரே ரகம் இத்தனைக்கும் சரிப்படாது. இடம் கொஞ்சமாக இருந்தால் இரண்டு ரகம் போடுங்கள்: சட்னிக்கு ஒன்று, பச்சையாகத் தின்ன ஒன்று. ஒரே ரகத்தில் ஆறு செடி வைப்பதைவிட இரண்டு ரகத்தில் மூன்று மூன்று வைப்பது நல்லது. ஒன்றுக்கு நோய் வந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

விதைக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் பழத்தைத் தின்று பாருங்கள். வார இறுதியில் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டிலும், 1910 முதல் நடந்துவரும் வாரிக் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டிலும் சிறு விவசாயிகளின் சரக்கு வரும். ஒரே மாதிரி மின்னுகிற குவியலை விட்டுவிட்டு, அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிற, காம்போடு ஒட்டிய பழத்தை நாலு இடத்தில் நாலு வாங்கி வந்து வீட்டில் வெட்டிப் பாருங்கள். விற்கிறவரிடம் ரகத்தின் பெயரைக் கேட்டால் தெரிந்தவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இரண்டாவது கேள்வி: எந்த மாதம்?

டர்பனில் தக்காளிக்கு நல்ல காலம் குளிர்காலம். இதை ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் உறவினரிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே உறைபனி முடிந்து அக்டோபரில்தான் நாற்றை வெளியே வைக்க முடியும். அதன்பிறகும் ஆலங்கட்டி மழைக்குப் பயப்பட வேண்டும். பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். கடற்கரையோரம் நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. இங்கே மழை கொட்டுவது அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த வானம், பகலில் இருபதுக்கு மேல் இதமான வெயில். தக்காளி இலைக்கு வேண்டியது இந்தக் காய்ந்த காற்றுதான்.

கோடையில் என்ன ஆகிறது என்றால், இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நின்றால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். 30 டிகிரிக்கு மேலே பழத்தின் சிவப்பும் முழுதாக ஏறாது, மஞ்சள் ஓடிய ஆரஞ்சாகவே நிற்கும். அடுத்தடுத்து மழை பெய்தால் பழம் தண்ணீரைக் குடித்து வெடிக்கும். இதற்கு நடுவே இலைக்கருகல் வேறு. எந்தச் சிறந்த ரகமும் அந்த மாதங்களில் தன் முழு ருசியைக் காட்டாது.

நான் கணக்கு வைத்துக்கொள்வது நம் பண்டிகைகளை வைத்து. தைப்பூசக் காவடி முடிந்ததும் பிப்ரவரிக் கடைசியில் விதை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளித் திருவிழா வரும் காலத்தில் நாற்று தரைக்குப் போகும். ஜூன், ஜூலையில் பழம். அடுத்த தவணை மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில். வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் விதைத்து ஜூலை நடுவில் நட்டால் புரட்டாசிக்குப் பழம் வரும். புரட்டாசி விரதம் இந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, வீட்டுக்கு வீடு தக்காளி போகும், விலையும் ஏறும். அந்த மாதத்துக்கென்று ஒரு தவணை விதைப்பதை நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

பெரிய பழ ரகங்கள் குளிருக்கும் கொஞ்சம் முகம் சுளிக்கும். இரவு 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றில் காய்பிடிப்பு குறையும். அதனால் அவற்றை ஜூலை நடவுக்கு வைத்துக்கொண்டு வசந்தத்தில் காய்க்க விடுங்கள். செர்ரி வகைகள் இவ்வளவு பார்ப்பதில்லை. வெப்பத்திலும் குளிரிலும் ஓரளவு காய்க்கும்.

இனி ரகங்கள்

சட்னிக்கு முதலில் ரோமா. இங்கே எல்லா விதைக் கடையிலும் கிடைக்கும். செடி ஓர் அளவோடு நின்றுவிடும், பழம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பழுக்கும். ஒரு பெரிய சட்டி சட்னி செய்து பாட்டிலில் போடுகிறவர்களுக்கு அது வசதி. பச்சையாகத் தின்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது. தீயில் பட்டதும்தான் அதன் குணம் தெரியும். ருசியில் அதைவிட ஒரு படி மேலே சான் மார்சானோ. இத்தாலியில் வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து மண்ணில் பேர் வாங்கியது. நீளமாக, கூர்நுனியோடு, உள்ளே விதை குறைவாக இருக்கும். செடி கொடியாக ஓடும், ஆளுயரக் குச்சி வேண்டும். இதற்கு ஒரு பலவீனம்: தண்ணீர் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்று விட்டால் பழத்தின் அடி கறுத்து அழுகும். சுண்ணாம்புச் சத்து நுனிவரை போய்ச் சேராததுதான் காரணம். மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் தண்ணீர் சீராக இல்லாவிட்டால் அது மேலே ஏறாது. தினமும் ஒரே அளவு தண்ணீர் விட முடிகிறவர்கள் இதை வையுங்கள். முடியாதவர்கள் ரோமாவோடு நின்றுகொள்ளுங்கள்.

ஹைன்ஸ் 1370 நம் கடைகளில் பல காலமாக இருக்கும் பொட்டலம். பெயரைப் பார்த்துச் சாஸுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உருண்டையாக, சதையும் சாறும் சமமாக, நல்ல பழைய காலத்துத் தக்காளிச் சுவையோடு இருக்கும். ஒரே ஒரு ரகம்தான் வைக்க முடியும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். குழம்புக்கும் ஆகும், சம்பலுக்கும் ஆகும்.

மணிமேக்கர் வேண்டாம் என்பேன். காய்ப்பு அள்ளித் தரும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ருசி சாதாரணம். அதே இடத்தையும் தண்ணீரையும் ஹைன்ஸ் 1370க்குக் கொடுங்கள்.

ஃப்ளோராடேட் வெப்பமும் ஈரமும் உள்ள ஊருக்கென்று ஃப்ளோரிடாவில் உருவானது. கோடையில் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் இது நிற்கும். ரோடேட் நம் நாட்டிலேயே, பிரிட்டோரியா பக்கம் ரூடெப்ளாட் ஆராய்ச்சி நிலையத்தில் பாக்டீரியா வாடல் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கியது. ருசியில் முதல் வரிசை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் வரிசையில் நல்ல இடம் உண்டு. ஆனால் உங்கள் மண்ணில் அந்த வாடல் இருந்தால் முதல் வரிசை ரகம் எதுவும் பழம்வரை வராது. அதைத் தெரிந்துகொள்வது சுலபம். செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தலைதொங்கினால் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டு வாய் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி பால் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வைக்கக் கூடாது. புது மண் போட்ட தொட்டிக்குப் போய்விடுங்கள், இல்லையென்றால் ரோடேட்.

பொட்டலத்தில் ரகப் பெயரை அடுத்து வி (V), எஃப் (F), என் (N) என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். வி, எஃப் இரண்டும் பூஞ்சை வாடல்களைத் தாங்கும் என்பதற்கு. 'என்' என்றால் வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவைத் தாங்கும். பிளஃப் பக்கம், பெரியா பக்கம் மணற்பாங்கான மண் உள்ளவர்கள் 'என்' எழுத்தைத் தேடுங்கள். மணலில் நூற்புழு அதிகம்.

பச்சையாகத் தின்ன என்று வந்தால் பழைய பாரம்பரிய ரகங்களுக்கு ஈடு இல்லை. அதில் என் முதல் தேர்வு செரோக்கி பர்பிள். இது அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஒருவர் 1990இல் தபாலில் அனுப்பிய விதை. வாங்கியவர் கிரெய்க் லெஹூலியர் என்ற தோட்டக்காரர், பெயர் வைத்தவரும் அவரே. பழுத்தால் மங்கிய ஊதா கலந்த சிவப்பு, தோளில் பச்சை மாறாமல் நிற்கும். வெட்டினால் உள்ளே செங்கல் நிறச் சதை, விதையைச் சுற்றிப் பச்சைக் கூழ். முதலில் இனிப்பு, உடனே புளிப்பு, அதற்குப் பின்னால் புகைவாடை மாதிரி ஒன்று நாக்கில் நிற்கும். உப்பு போடாமல் ஒரு துண்டு தின்று பாருங்கள். இந்தப் பழம் பார்வைக்கு அழுகியது போலத் தெரிகிறது என்று பயந்து பறிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. தோள் பச்சையாக இருக்கும்போதே அடிப்பக்கம் மெத்தென்று ஆனால் பறித்துவிட வேண்டும்.

ப்ளாக் க்ரிம் அதே இனத்தில் கொஞ்சம் உப்புச் சுவை தூக்கலானது, கிரிமியாவிலிருந்து வந்தது. பிராண்டிவைன் உலகப் புகழ் பெற்றது, இளஞ்சிவப்பாக அரைக் கிலோ வரைகூட வரும், உருளைக்கிழங்கு இலை மாதிரி விளிம்பில் வெட்டு இல்லாத இலை. அதன் ருசியைப் பற்றிச் சொல்லப்படுவது எல்லாம் உண்மைதான். ஆனால் நட்டு 80 முதல் 100 நாள் காத்திருக்க வேண்டும், நம் ஈரக் காற்றில் அது சுணங்கும், காய்ப்பும் குறைவு. டர்பன்காரர்கள் முதல் வருடம் செரோக்கி பர்பிள் வையுங்கள். அது நன்றாக வந்தால் பிராண்டிவைனுக்குப் போங்கள். ஜொகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் இருக்கிறவர்கள் நேரே பிராண்டிவைனே வைக்கலாம்.

ரசத்துக்கு நான் மனதாரச் சொல்வது க்ரீன் ஸீப்ரா. டாம் வாக்னர் என்ற அமெரிக்கர் 1983இல் வெளியிட்டது. பழுத்தாலும் பச்சைதான், கோடு கோடாக இருக்கும் பச்சையில் ஒரு மஞ்சள் பூத்ததும் பறிக்க வேண்டும். நல்ல கூர்மையான புளிப்பு. இதில் வைத்த ரசத்துக்குப் புளி பாதி போதும். நிறம் வழக்கமான சிவப்பாக வராது, அதைப் பொருட்படுத்தாதவர்கள் வையுங்கள். சிவப்பாகவே வேண்டும் என்றால் மார்மாண்டே. வரி வரியாக மடிந்த பிரெஞ்சு ரகம், சாறும் புளிப்பும் நன்றாக இருக்கும்.

செர்ரியில் சன்கோல்ட். ஜப்பானின் டொகிடா நிறுவனம் உருவாக்கிய கலப்பினம், ஆரஞ்சு நிறம். சாதாரணத் தக்காளியின் சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலியவை நூற்றுக்கு நாலு, ஐந்து என்றால் நல்ல செர்ரியில் ஏழு, எட்டுக்கு மேலே போகும். நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். மழை பெய்தால் வெடிக்கும் என்பதால் குளிர்காலத்துக்கு மட்டும். கலப்பினம் என்பதால் விதை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. விதை எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு ப்ளாக் செர்ரி, கார்டனர்ஸ் டிலைட் இரண்டும் நல்லவை. மஞ்சள் பேரிக்காய் வடிவத்தில் ஒரு செர்ரி விற்பார்கள். படத்தைப் பார்த்தால் கை தானாகப் போகும். ருசிக்காக வைக்கிறவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

செடியில் ருசியைக் காப்பாற்றுவது

எவ்வளவு நல்ல ரகமாக இருந்தாலும் ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாவிட்டால் சர்க்கரை ஏறாது. வெயில் எங்கே விழுகிறது என்பதை நடப்போகும் மாதத்தில் பாருங்கள். குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் வெயில் பட்ட தெற்குச் சுவர் ஓரம் ஜூனில் முழு நிழல்.

நாற்றை நடும்போது தண்டில் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும். தொட்டி என்றால் கொடி ரகத்துக்கு 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. கொடி ரகத்தில் பக்கக் கிளைகளைக் கிள்ளுங்கள், ஆனால் இலைகளை மொட்டையடிக்காதீர்கள். பழத்துக்குச் சர்க்கரை அனுப்புவது இலை. தரையைத் தொடும் அடி இலைகளை மட்டும் எடுத்தால் போதும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் பூ வரும்வரை. அதன்பின் சாம்பல் சத்து (பொட்டாசியம்). தழைச்சத்தை விடாமல் போட்டால் செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பழம் சவசவ என்றிருக்கும்.

தண்ணீர்தான் ருசியை ஆக்குவதும் கெடுப்பதும். காய் பருக்கும்வரை சீராக விடுங்கள். முதல் பழம் நிறம் மாறத் தொடங்கியதும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். செடி மாலையில் லேசாகச் சோர்ந்து காலையில் நிமிர்ந்தால் அளவு சரி. காலையிலும் சோர்ந்தே நின்றால் குறைத்தது அதிகம். பழம் கொஞ்சம் சிறுக்கும், சுவை அடர்த்தியாகும்.

இலையில் வெள்ளையாகக் கொப்புளம் போல வழித்தடம் தெரிந்தால் டூட்டா அப்சொலூட்டா என்ற பூச்சி. தென் ஆப்பிரிக்காவுக்கு 2016இல் வந்து சேர்ந்தது. அந்த இலைகளை உடனே கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். பழ ஈக்குக் கொத்தின்மேல் மெல்லிய துணிப்பை கட்டினால் போதும்.

குரங்கு விஷயம் தனி. சில்வர்க்ளென் காட்டோரம் இருக்கும் எங்களுக்கு மட்டுமல்ல, டர்பனில் பாதிப் பேருக்கு இந்தக் கவலை உண்டு. பழம் சிவக்கும் நாளை நமக்கு முன்னால் அவை கண்டுபிடிக்கும். அவற்றை அடிக்கவோ விஷம் வைக்கவோ வேண்டாம், பறிக்கும் நாளை மாற்றினால் போதும். காயின் அடியில் முதல் இளஞ்சிவப்பு கீற்றுத் தெரிந்ததுமே பறித்துவிடலாம். அந்தக் கட்டத்துக்கு வந்த காய், செடியில் இருந்தாலும் வீட்டுக்குள் இருந்தாலும் தானே பழுக்கும். ருசியில் பெரிய வித்தியாசம் வராது. முழுப் பச்சையாக இருக்கும்போது பறித்தால்தான் பாழ். கீற்று விழுந்த காய்களைக் காம்புப் பக்கம் கீழாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், சமையலறை மேடையில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். இனிப்பு மிகுந்த செர்ரிகளைக் கம்பிவலைக் கூண்டுக்குள் வளர்ப்பது நல்லது, அவை செடியில் பழுக்கத்தான் வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் தக்காளி வாசனைப் பொருள்களை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. ஒரு வாரம் குளிரில் இருந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுதாகத் திரும்புவதில்லை என்று 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அதிகமாகப் பழுத்துவிட்டால் சட்னி செய்து அதை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ருசி பார்ப்பதும் விதை எடுப்பதும்

பழம் வந்ததும் வீட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். ரகத்தின் பெயரைச் சொல்லாமல், தோல், சதை, கூழ் மூன்றும் வரும்படி பிறை பிறையாக வெட்டித் தட்டில் வையுங்கள். முதலில் வெறுமனே, பிறகு உப்பு தொட்டு. பிள்ளைகள் சொல்வதைக் கட்டாயம் கேளுங்கள், அவர்கள் பெயருக்கு மயங்க மாட்டார்கள். ஒரே ஒரு பழத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். செடியின் முதல் கொத்தைவிட இரண்டாம், மூன்றாம் கொத்துப் பழங்களில் அந்த ரகத்தின் உண்மையான சுவை தெரியும்.

பிடித்த ரகம் கலப்பினமாக இல்லாவிட்டால் விதை எடுங்கள். நோயில்லாத செடியில், ருசி பார்த்துத் தேர்ந்த நன்றாகக் கனிந்த பழம் வேண்டும். கூழோடு விதையைப் பிழிந்து ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மூடாமல் இரண்டு மூன்று நாள் வையுங்கள். மேலே வெண்படலம் கட்டி நாற்றம் வரும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு கரைவது அப்போதுதான். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் நிற்கும், மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் பக்கத்து ரகத்தோடு கலப்பது குறைவு. பிராண்டிவைன் மாதிரி உருளை இலை ரகங்களில் கொஞ்சம் அதிகம். அவற்றை மற்றவற்றிலிருந்து தள்ளி நடுங்கள்.

நன்றாக உலர்ந்த விதை காற்றுப் புகாத பாட்டிலில் நாலைந்து வருடம் முளைப்புத்திறன் குறையாமல் இருக்கும். ஊருக்குப் போய்வரும்போது பி.கே.எம். விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. தென் ஆப்பிரிக்காவுக்குள் விதை கொண்டுவர வேளாண் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். விதையோடு வரும் நோய் இங்கே ஒரு பருவத்தையே அழித்துவிடும். பாரம்பரிய ரக விதைகளை விற்பவர்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், தபாலில் அனுப்புகிறார்கள். பிப்ரவரி விதைப்புக்கு டிசம்பரிலேயே சொல்லிவையுங்கள். ஜனவரி பிறந்தால் செரோக்கி பர்பிள்தான் முதலில் தீர்ந்துபோகும்.